பெயர் தாங்கும் பக்கம்

திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயிலில் உள்ள இரண்டாம் வரகுண பாண்டியனின் கல்வெட்டு, அம்மன்னன் கோயிலுக்கு 1,400 பொற்காசுகளை அளித்ததையும், அக்காசுகள் பல ஊர்ச் சபைகளிடம் முதலாக ஒப்படைக்கப்பட்டு அவற்றின் வட்டியைக் கொண்டே வழிபாட்டுச் செலவுகள் நடைபெற வேண்டுமென்று விதிக்கப்பட்டதையும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும், அதன் லிபியை அறிந்தவர் எவரும் நேரில் நின்று படித்துக்கொள்ளும்படி காத்து வைத்திருக்கிறது. கல்லில் செய்தியும் அதன் முகவரியும் ஒன்றே. நம் காலத்துப் பதிவுச் சாதனங்களுள் ஒன்றான குறுந்தகடோ இதற்கு நேர்மாறான சுபாவம் உடையது. அதன் உள்ளே ஒரு மகாவித்துவானின் கச்சேரி இருக்கலாம், ஒரு வீட்டுத் திருமணம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளி வட்டந்தான். ஆகவே, அதன் மேற்புறத்தில் நாம் எழுதும் பெயரே அதற்கு அடையாளம். அந்தப் பெயரை எவ்விதம் எழுதுகிறோம் என்பதே, பலரும் அறியாத வகையில், அதன் ஆயுளையும் நிர்ணயிக்கிறது.

இந்த விஷயம் தாமிரபரணிக் கரை ஊர்களுக்கும், அவற்றை அடுத்துக் கடல் வரையில் பரந்து கிடக்கும் தேரிக்காட்டு ஊர்களுக்கும் விசேஷமாக உரியது என்பது என் அபிப்பிராயம். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் ஊர் ஊராக நடைபெறும் கொடை விழாக்களில் விடிய விடியப் பாடப்பெற்ற வில்லுப்பாட்டும், கணியான் கூத்தும், சாமியாட்டமும், முதலில் ஒலிநாடாக்களிலும், பிறகு வி.சி.டி.க்களிலும் டி.வி.டி.க்களிலும் பதிவாகி, உள்ளூர் ஸ்டூடியோக்காரர்களின் கைவழியாகப் பம்பாய்க்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்ற உறவினர் வீடுகள் வரையில் பயணம் செய்தன. அப்பதிவுகளில் பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. அவற்றில் பாடிய புலவர்கள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அத்தகைய தட்டு ஒன்றின் மீது அழகிய அச்சைப் பதிக்க விரும்புகிறவர், அச்சிடுவதற்கு முன் அதன் அங்க அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம்.

பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்கள் கூடி வகுத்து, 1982-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சி.டி. என்னும் இத்தகடு, 120 மில்லிமீட்டர் விட்டமும், 1.2 மில்லிமீட்டர் கனமும், நடுவே 15 மில்லிமீட்டர் துளையும் உடையது. அதன் கனம் முழுவதும் ஏறக்குறைய பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கே. அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் முகத்தில், சுருள் சுருளாக ஒரே பாதையாய் ஓடும் நுண்ணிய பள்ளங்களின் வரிசையே பாட்டும் படமும் ஆகும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் அறுநூறுக்கு மேற்பட்ட சுற்றுகள். பள்ளங்களின் மேல் அலுமினியம் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனத்தில் படிய வைக்கப்பட்டு, கீழிருந்து வரும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியாகிறது. அந்த அலுமினியத்தைக் காக்கச் சில மைக்ரான் கனத்தில் ஒரு வார்னிஷ் பூசப்படுகிறது. வார்னிஷின் மேலே அச்சு. வீட்டில் பதிவு செய்யும் சி.டி.யில் பள்ளங்களுக்குப் பதிலாக ஒரு கரிமச் சாயப் படலம் இருக்கும். பதிவு யந்திரத்தின் லேசர் அச்சாயத்தை இடையிடையே சுட்டு மாற்றி, பள்ளம் போன்ற தோற்றத்தை ஒளிக்கு உண்டாக்கும். கண்ணாடிப் பூச்சு பெரும்பாலும் வெள்ளியாகவும், சில உயர்ந்த வகைகளில் தங்கமாகவும் இருக்கும். மற்ற அமைப்பெல்லாம் ஒன்றே.

இவ்வமைப்பை மனத்தில் வாங்கிக்கொண்டால், நாம் அனைவரும் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கை தலைகீழானது என்பது தானே விளங்கும். பளபளக்கும் அடிப்புறத்தைக் கண்ணுக்குக் கண்ணாகக் காத்து, அச்சிட்ட மேற்புறத்தை மேசையின் மீது கவிழ்த்து வைப்பது வழக்கம். ஆனால் அடிப்புறத்துக்கும் பதிவுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் நிற்கிறது. லேசர்க் கற்றை அடிப்புறத்தில் நுழையும்போது முக்கால் மில்லிமீட்டர் அளவு அகன்றிருந்து, பதிவை அடையும்போதுதான் இரண்டு மைக்ரானுக்கும் குறைவான புள்ளியாகக் குவிகிறது என்பதால், அடிப்புறத்துத் தூசியும் சிறு கீறலும் அதன் பார்வைக்கு மங்கிப் போகின்றன. அதற்கு மேலும் இழப்பு நேர்ந்தால், பாதையில் 2.5 மில்லிமீட்டர் நீளம் வரையில் அழிந்த செய்தியைக் கணித முறையால் மீட்டுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. மேற்புறத்திலோ, எழுத்துக்கும் உயிர்ப்பதிவுக்கும் இடையே இருப்பது தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னும்படியான வார்னிஷ் ஒன்றே. அங்கே விழும் கீறல் கண்ணாடிப் பூச்சையே பெயர்த்துவிடும்; பெயர்ந்ததை மீட்க வழி கிடையாது. பெயர் தாங்கும் பக்கமே உயிர் தாங்கும் பக்கம்.

டி.வி.டி.யில் நிலைமை சற்று வேறு. அது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரு தகடுகளை ஒட்டிச் செய்யப்படுவது. பதிவு அவ்விரண்டின் நடுவே கிடப்பதால் மேற்கீறல் அதனை எளிதில் எட்டாது. ஆயினும் அதன் பாதை மேலும் நெருக்கமானது. தட்டு சிறிது வளைந்தாலும் ஒளிக்கற்றை தடம் தவறும். ஆகவே சி.டி.க்கு மேற்புறக் காயம் பகை என்றால், டி.வி.டி.க்கு வளைவு பகை.

இனி அச்சிடும் முறைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் எளிதாகத் தோன்றுவதும், எல்லாவற்றிலும் தீங்கானதும், காகித ஸ்டிக்கரை ஒட்டுவது. 1908-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனி தன் ஆலையைத் தொடங்கிய நாள்தொட்டு நாம் கண்ட இசைத்தட்டுகளின் நடுவிலும் காகித லேபில் இருந்ததே, அது பல தலைமுறை நிலைக்கவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த லேபிலுக்குப் பசை கிடையாது. நன்கு உலர்த்திய காகிதத்தைச் சூடான அரக்குக் கலவையோடு ஒன்றாக வைத்து யந்திரத்தில் அழுத்தியபோது, அது தட்டின் உடலோடு உடலாகப் பதிந்துவிட்டது. மேலும் அது பாட்டின் தடங்கள் இல்லாத நடுப்பகுதியில் மட்டுமே இருந்தது. தட்டும் நிமிஷத்துக்கு 78 முறைதான் சுழன்றது. குறுந்தகட்டின் ஸ்டிக்கர் இந்த மூன்றிலும் மாறுபட்டது.

அது பசையால் ஒட்டப்படுவது. பசையின் ரசாயனம் காலப்போக்கில் வார்னிஷை இளக்கக்கூடும். அது பதிவின் தலைக்கு மேலேயே ஒட்டப்படுவது. ஓரம் உரிந்து அதனைப் பிய்க்க முயன்றால், வார்னிஷும் கண்ணாடிப் பூச்சும் காகிதத்தோடு சேர்ந்து கையோடு வந்துவிடும். மூன்றாவதான வேகத்தின் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். கணினியின் வேகமான சி.டி. டிரைவ் ஒன்று தட்டை நிமிஷத்துக்குச் சுமார் 10,000 முறை சுழற்றவல்லது. அவ்வேகத்தில் தட்டின் விளிம்பில் உள்ள ஒரு பொருளின் மேல் பூமியின் ஈர்ப்பைப்போல் சுமார் 6,500 மடங்கு இழுப்பு உண்டாகிறது. ஸ்டிக்கர் நடுவிலகி ஒட்டப்பட்டதனால் விளிம்பின் ஒரு புறத்தில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை கூடினாலும், ஏறக்குறைய 650 கிராம் எடைக்கு ஈடான விசை தட்டை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கமாக உலுக்கும். அதே தட்டு நிமிஷத்துக்கு 200 முதல் 500 முறை மட்டும் சுழலும் பாட்டுப் பெட்டியில் அந்த விசை 400-இல் ஒரு பங்காகவும் அதற்குக் கீழாகவும் சுருங்கிவிடுகிறது. வீட்டுப் பெட்டியில் குறையின்றிப் பாடிய தட்டு கணினியில் அதிர்ந்து திணறுவதன் காரணம் இதுவே.

இவற்றோடு கடற்கரையின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்தால் சுருங்கும். பாலிகார்பனேட் அவ்வளவு விரிவதில்லை. இரண்டையும் ஒட்டி வைத்தால், ஒன்று விரிய மற்றொன்று மறுக்க, தட்டு மெல்ல வளைகிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், நெடுங்காலம் காக்க விரும்பும் தட்டுகளுக்கு ஒட்டும் லேபில் ஆகாதென்று சொல்வதோடு, அவற்றை 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறது. திருச்செந்தூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் அந்த மேல்வரம்பைக் கடந்தே நிற்கும். ஆகவே பிற இடங்களில் ஸ்டிக்கர் தீங்கு என்றால், இங்கே அது பெருந்தீங்கு.

பேனாவால் எழுதுவதே போதும் என்பவர்க்கும் ஒரு வார்த்தை. பால்பாயிண்ட் பேனாவின் கூர்முனை வார்னிஷை அமுக்கிப் பதிவையே காயப்படுத்தும்; காரமான மணம் வீசும் மார்க்கர்களின் கரைப்பான் வார்னிஷினூடே ஊறிக் கண்ணாடிப் பூச்சை அடையக்கூடும். நீரில் கரையும் மையுடைய, மென்முனைப் பேனாவே தக்கது. நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தின் கீழே பதிவு எதுவும் இல்லையாதலால், ஒரு வரிசை எண்ணையும் தேதியையும் அங்கே எழுதுவது எல்லாவற்றினும் பத்திரமானது.

ஐந்தோ பத்தோ, ஐம்பதோ பிரதிகள் வேண்டுகிறவருக்கு வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க சிறந்த வழி, ‘பிரிண்டபிள்’ என்று குறிக்கப்பட்ட தட்டுகளை வாங்கி இங்க்ஜெட் யந்திரத்தால் நேராக அச்சிடுவதே. இத்தட்டுகளின் மேற்புறத்தில் ஆலையிலேயே ஒரு வெண்பூச்சு கொடுக்கப்பட்டிருக்கும். அப்பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. மைத்துளி அதில் விழுந்தவுடன் நீர்ப்பகுதி உள்ளே உறிஞ்சப்பட, நிறம் விழுந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. வழுவழுப்பான சாதாரணத் தட்டில் அதே மை துளித்துளியாகத் திரண்டு வழிந்தோடும். ஆகவே பூச்சில்லாத தட்டில் இம்முறை பலிக்காது. யந்திரமும் தட்டை நேராகத் தாங்கிச் செல்லும் தனித் தட்டம் உடையதாக இருத்தல் வேண்டும். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் டி.டி.பி. சென்டர்களிலும் பரவியிருந்த எப்சன் எல்800, எல்805 ஆகியவை அவ்வகையின. சி.டி. வேலை குறைந்த பின்னர், அதே யந்திரங்களில் பிளாஸ்டிக் அடையாள அட்டைகளை அச்சிடும் தொழில் பல இடங்களில் நடைபெற்றுவருகிறது. ஆகவே, யந்திரம் வாங்க வசதியில்லாதவரும் அத்தகைய கடையை அணுகித் தம் சில தட்டுகளுக்கு அச்சைப் பெற்றுக்கொள்ளலாம். காகிதத்துக்குரிய லேசர் பிரிண்டரில் மட்டும் தட்டை நுழைக்க ஒருபோதும் முயலக்கூடாது. அது பொடியை உருக்கிப் பதிக்கும் வெப்பத்துக்குப் பிளாஸ்டிக் தட்டும் தாங்காது, யந்திரமும் தாங்காது.

வீட்டில் அச்சிடுவோர் கவனிக்கவேண்டிய சூட்சுமங்கள் சில. தட்டின் அச்சிடத்தக்க பகுதி வகைக்கு வகை மாறும். சிலவற்றில் உள்விட்டம் 46 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும், சிலவற்றில் 22 மில்லிமீட்டர் அளவிலிருந்தே தொடங்கும். வெளிவிளிம்பு 116 முதல் 118 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். வாங்கிய தட்டை அளந்து, அவ்வளவுகளைக் கணினியில் குறித்து, ஒரு சாதாரணக் காகிதத்தில் சோதனை அச்சு எடுத்துத் தட்டின்மேல் வைத்துப் பார்த்த பின்னரே உண்மைத் தட்டைத் தட்டத்தில் வைக்கவேண்டும். அச்சான தட்டுகளை உடனே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், கடற்காற்று புகாத அறையில் ஒரு நாள் முழுவதும் உலரவிடுவது நலம். சாய மை ஈரவிரல் பட்டவுடன் கரையும் சுபாவமுடையது. நீர்படினும் கலையாத பளபளப்பான பூச்சுடைய தட்டுகளும் உண்டு. கடலோர ஊர்களுக்கு அவற்றின் அதிக விலை வீண்செலவன்று.

இதற்கிடையில், 2004-இல் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் ‘லைட்ஸ்க்ரைப்’ என்னும் நூதன முறையொன்றைக் கொண்டுவந்தது. பதிவு முடிந்த தட்டைக் கவிழ்த்து வைத்தால், பாட்டை எழுதிய அதே லேசரே மேற்புறத்துச் சாயத்தைச் சுட்டுச் சித்திரம் வரையும். மையும் ஒட்டலும் இல்லாத அழகிய யோசனைதான்; ஆனால் ஒரே நிறம், நெடுநேரம், வெளிச்சத்தில் மங்கும் குணம் ஆகியவற்றால் அது நிலைபெறவில்லை.

நூற்றுக்கணக்கில் பிரதிகள் வேண்டியபோது வேலையைத் தொழில்முறையாளரிடம் ஒப்படைப்பதே விவேகம். அங்கே மூன்று மார்க்கங்கள் உண்டு. நூறு, இருநூறு என்னும் அளவுக்கு, ரிப்பனில் உள்ள மையை வெப்பத்தால் தட்டுக்கு மாற்றும் யந்திரங்கள் தக்கவை. அவற்றின் அச்சு ஈரத்துக்கு அஞ்சாது. அதற்கு மேற்பட்டால் ஸ்கிரீன் பிரிண்டிங். கல்யாணப் பத்திரிகை அச்சிடும் சிற்றூர்க் கடைகளில் நாம் காணும் அதே கலைதான் இது: சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலையில் ஒளியால் உருவத்தைப் பதித்து, ரப்பர் பட்டையால் மையைத் தள்ள, திறந்த கண்கள் வழியாக மை தட்டில் இறங்கும். நிறத்துக்கொரு சட்டம் வேண்டும். மை கெட்டியாகப் படிந்து, புற ஊதா ஒளியில் நொடிப்பொழுதில் இறுகும். தெளிந்த நிறங்களும் தடித்த எழுத்துகளும் இதில் பிரகாசிக்கும். புகைப்படம் போன்ற நுண்ணிய நிறச்சாயல்களுக்கோ ஆப்செட் முறையே சிறந்தது. முதலில் ஒரு வெண்தளம் அடித்து, அதன்மேல் நால்வகை நிறங்களையும் படிய வைப்பார்கள்.

500 அல்லது 1,000-க்கு மேற்பட்ட பிரதிகளைப் பெரிய ஆலைகள் லேசரால் சுட்டுப் பதிவதில்லை. கண்ணாடி மூலத்திலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, உருகிய பிளாஸ்டிக்கை அதன்மேல் பாய்ச்சித் தட்டையே வார்த்துவிடுவார்கள். 1983-இல் தோன்றிய மோசர் பேர் நிறுவனம் இத்தொழிலில் உலகப் புகழ் பெற்று, தமிழ்ப் படங்களின் தட்டுகளை எளியவரும் வாங்கும் விலையில் ஊர்தோறும் பரப்பியது. 2018-இல் அதனைக் கலைக்க உத்தரவாயிற்று. ஆலையில் செய்தது எல்லாம் அழியாதது என்றும் எண்ணலாகாது. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் பிலிப்ஸ்-டூபாண்ட் கூட்டு ஆலை 1988 முதல் 1993 வரை செய்த தட்டுகளில் பல, உறைக்குள் இருந்த காகிதத்தின் கந்தகத்தை அவற்றின் வார்னிஷ் தடுக்க இயலாமற் போனதால், விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக மாறிப் படிப்படியே பாழாயின. தட்டைக் காப்பது மேலிருக்கும் அந்த மெல்லிய போர்வையே என்பதற்கு இதனினும் தெளிந்த பிரமாணம் வேண்டியதில்லை.

உறையில் செருகும் அட்டைகளைப் பொறுத்தவரை, தென்பாண்டி நாட்டார் வெகுதூரம் அலையவேண்டியதில்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததன் பயனாகச் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் பெருக, அவற்றுக்கு வேண்டிய லேபில்களுக்காகவே அங்கே அச்சுத்தொழிலும் பெருகியது. வர்ண அச்சில் அவ்வூர் பெற்ற கைத்திறன் நாடறிந்தது.

வெளியே கொடுக்கும் வேலையில் மிகுதியும் நேரும் விபரீதம் எழுத்துருவைப் பற்றியது. நம் கணினியில் செம்மையாகத் தோன்றிய தமிழ், அச்சகத்தின் கணினியில் அதே எழுத்துரு இல்லையானால் பொருளற்ற குறிகளாகச் சிதறிவிடும். ஆகையால் கோப்பை அனுப்புமுன் எழுத்துகளையெல்லாம் ‘கர்வ்ஸ்’ ஆக மாற்றி, அதாவது எழுத்தை எழுத்தாக வைக்காமல் கோட்டுருவமாக்கி, கூடவே ஒரு பட நகலையும் அனுப்பவேண்டும். தமிழ் எழுத்துகளின் சுழிகளும் தனிக்கவனம் கோருவன. ஸ்கிரீன் மை கெட்டியானதால், சிறிய அளவில் அச்சிட்ட ணகரத்தின் சுழிகள் அடைபட்டு னகரத்தோடு மயங்கும். இருண்ட தளத்தில் வெள்ளெழுத்தானால் சுற்றியுள்ள மை பரவி எழுத்தையே விழுங்கும். எட்டுப் புள்ளிக்குக் குறையாத, கோடுகள் மெலியாத எழுத்துருவே ஏற்றது. படங்களை அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அளவிலும், அச்சுக்குரிய நால்வகை நிறமுறையிலும் தருவது கட்டாயம். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் மையில் அவ்விதமே வாரா.

எதை அச்சிடுவது என்பது இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. நம் ஊர்த் தட்டுகளில் சுவாமியின் படமும் ஸ்டூடியோவின் பெயரும் பெரிதாகத் துலங்க, பாடிய புலவரின் பெயரும், குடம் அடித்தவர், உடுக்கு வாசித்தவர் பெயர்களும், எந்த ஆண்டுக் கொடை என்பதும் விட்டுப்போகின்றன. கோயில், ஊர், தேதி, கலைஞர்கள், பாடிய கதை, இத்தனையில் எத்தனையாவது தட்டு என்பவை அச்சில் இடம்பெற்றால்தான், பின்னால் ஆராய வருகிறவனுக்கு அத்தட்டு சான்றாகும். படத்தின் அழகுக்காக இவற்றுள் ஒன்றைக் குறைக்க நேருமானால், படத்தைக் குறைப்பதே தர்மம்.

பென்டிரைவும் கைப்பேசியும் வந்தபின் குறுந்தகட்டைப் பற்றி இவ்வளவு சிரத்தை வேண்டுமா என்பார்க்கு, புதிய தட்டுகளைவிடப் பழைய தட்டுகளுக்காகவே இது வேண்டுமென்று சொல்வேன். காகித ஸ்டிக்கர் ஒட்டிய கொடைத் தட்டுகளும் கல்யாணத் தட்டுகளும் இன்றும் பல வீட்டுப் பீரோக்களில் இருக்கின்றன. அவற்றின் ஸ்டிக்கரை எக்காரணத்தாலும் உரிக்கவேண்டாம். தட்டு இருக்கும் நிலையிலேயே, டிரைவின் வேகத்தைக் குறைத்து, உள்ளிருப்பதைக் கணினிக்குப் பிரதி எடுத்து, அதற்கும் ஒரு மறுபிரதி செய்துகொண்டு, தட்டாகவும் வேண்டுமென்பவர் பிரிண்டபிள் தட்டில் பதிந்து நேர் அச்சிட்டு வைக்கட்டும். ஒவ்வோர் ஊர்க் கோயில் கமிட்டியாரும் அடுத்த கொடைக்கு வரி பிரிக்கும்போதே இதற்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பாடியவர் பெயர்களை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, இந்தக் காரியத்தை முடித்துவிட வேண்டும்.